பச்சை விருந்தாளிக்கு என்ன சமையல்?

மேலே பல்லி விழுந்துவிட்டால் உடனே பஞ்சாங்கத்தைத் தேடுகிறவர்கள் நாம். வலது தோளா, இடது தோளா என்று பார்த்துப் பலனைப் படித்த பிறகுதான் மறு வேலை. அந்தப் பல்லிக்குத் தூரத்து உறவினர் ஒருவர், வாலோடு சேர்த்து ஐந்தடிக்கு மேல் வளரக்கூடியவர், சென்னையில் சில வீடுகளில் செல்லப் பிள்ளையாகக் குடியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? பெயர் இகுவானா. மெக்ஸிகோவிலிருந்து பிரேஸில் வரை ஆற்றங்கரை மரங்களில் வாழும் பச்சைப் பிராணி.

அப்படி ஒரு வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். காபி கொடுத்த கையோடு, "இவனைக் கொஞ்சம் வந்து பாருங்களேன், கிளையில் ஏறவே மாட்டேன் என்கிறான்" என்று கூப்பிட்டார் வீட்டு அம்மாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை வயதுக் குட்டி. கீழ்த்தாடை வீங்கியிருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின.

"சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் வாழைப்பழம், வெள்ளரிக்காய். ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. "வெயிலுக்காகத்தான் ஜன்னல் ஓரமாக வைத்திருக்கிறோம்" என்றான் பத்து வயது மகன்.

பாவம், அவர்கள் சொன்ன பட்டியலிலேயே நோய் இருந்தது!

இகுவானா பிறந்தது முதல் இலை தின்னி. முட்டையும் இறைச்சியும் தொடர்ந்து கொடுத்தால் நாளடைவில் சிறுநீரகம் கெடும். அதன் உணவில் பாஸ்பரஸைப்போல் சுமார் இரண்டு மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டும். வாழைப்பழத்தில் கணக்கு தலைகீழ். வெள்ளரிக்காயோ பெரும்பாலும் தண்ணீர். வேண்டிய சுண்ணாம்பு கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது. தாடை மெத்தென்று வீங்குவதும், கால் நடுங்குவதும், லேசாகத் தூக்கினாலே எலும்பு முறிவதும் அதனால்தான்.

வேறு என்ன கொடுப்பது? நம் கொல்லையைப் பாருங்கள். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை. இவற்றைப் பொடியாக நறுக்கி, பூசணியும் பீன்ஸும் கொஞ்சம் துருவிப் போட்டால் ராஜ விருந்து. பழம், நாம் பண்டிகைக்குப் பாயசம் சாப்பிடுவதுபோல் எப்போதாவது. பாலக்கீரையைத் தினசரி உணவாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்பை உடம்பில் சேரவிடாது. கடைக் கீரையானால் மருந்து போக நன்றாக அலசுங்கள்.

காலையிலேயே உணவு வைத்துவிடவேண்டும். இலையைச் செரிக்க வைப்பது குடலிலுள்ள நுண்ணுயிர்கள். அவை வேலை செய்ய உடம்பு நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். காட்டிலே குட்டிகள் அந்த நுண்ணுயிர்களைப் பெறுவதற்காகப் பெரியவற்றின் சாணத்தைத் தின்னுமாம். (காபி குடித்துக்கொண்டு படிக்கிறவர்கள் மன்னிக்கவும்.)

இனி ஜன்னல் வெயில். சுண்ணாம்பு உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அதை உண்டாக்குவது வெயிலின் புற ஊதாக் கதிர். கண்ணாடி அதைத் தடுத்துவிடுகிறது! குளிர் தேசங்களில் இதற்கென்று விசேஷ விளக்கு வாங்கி எரிக்கிறார்கள். நமக்குச் சூரியன் இலவசம். கம்பிக் கூண்டில், பாதி நிழலாக, இளவெயிலில் வைத்தால் போதும். கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்தால் மட்டும் பிராணி வெந்தே போகும்.

தண்ணீர் விஷயமும் விசித்திரம். காட்டில் இலைமேல் நிற்கும் துளிகளை நக்கிக் குடித்துப் பழகியது, கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் நீரைச் சில சமயம் கவனிப்பதேயில்லை. கீரையை ஈரம் சொட்டச் சொட்ட வையுங்கள். காலையும் மாலையும் இலைகள்மேல் தெளியுங்கள். அகன்ற தட்டிலும் நீர் இருக்கட்டும். அதிலேயே அசுத்தம் செய்யும், தினம் மாற்றவேண்டும். அந்தத் தட்டைச் சமையலறையில் கழுவாதீர்கள். இந்தப் பிராணிகளிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்; தொட்ட கையைக் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கழுவியே ஆகவேண்டும். அது தும்மிக் கண்ணாடியில் வெள்ளைப் பொடி படிந்தால் ஜலதோஷமோ என்று பயப்படவேண்டாம். அதிகப்படி உப்பை மூக்கு வழியாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.

ஆசைப்பட்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக வளர்த்தால் பதினைந்து வருஷங்களுக்கு மேலும் உயிரோடிருக்கும். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி அரசாங்கத்தில் பதிவு செய்யவும் வேண்டும். நம் ஊர்ப் பச்சோந்தியையும் உடும்பையும் பிடித்து வளர்ப்பதோ குற்றம்.

அந்த வீட்டுக் குட்டியை, ஊர்வனவற்றுக்குப் பழக்கமான மிருக வைத்தியரிடம் அன்றே கொண்டுபோகச் சொன்னேன். வீங்கிய தாடைக்கு வீட்டு வைத்தியம் உதவாது. போன வாரம் டெலிபோனில் விசாரித்தேன். வீக்கம் இன்னும் முழுதும் வற்றவில்லையாம். ஆனால் தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்துவிட்டானாம்.

"மொட்டை மாடியில் வெயில் காய்கிறான். முருங்கைக்கீரை வாங்கினால் எங்களுக்கு ஒரு பொரியலுக்குக்கூட மிஞ்சுவதில்லை!" என்றார் அம்மாள்.