எல்எல்ஆர் இருந்தால் போதுமா? பைக் பழகுவோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமத்தை இப்போது வீட்டில் இருந்தபடியே இணையவழியில் பெற முடிகிறது. அதை வாங்கும் முறை எளிதாகிவிட்டாலும், அதை வைத்துக்கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில் குழப்பம் நீடிக்கிறது. தமிழகத்தில் புதிதாக இருசக்கர வாகனம் பழகுவோருக்கு எழும் சந்தேகங்களுக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 1988, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 ஆகியவற்றின் அடிப்படையில் விளக்கங்கள்:

கியர் பைக் ஓட்டிப் பழக எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். 16 வயது நிறைந்தவர்கள் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வாகனத்தை மட்டும் ஓட்டலாம். அதற்கான பழகுநர் உரிமம் பெற பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை.

அப்படியானால் 16 வயது மாணவர் மொபெட் ஓட்டலாமா?

சட்டப்படி 50 சிசி வரம்புக்குள் இருந்தால் ஓட்டலாம். ஆனால் நடைமுறையில் அத்தகைய புதிய பெட்ரோல் வண்டியைக் கடைகளில் காண்பது அரிது. கிராமங்களில் பலரும் முதலில் கைவைக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்100 மொபெட்டின் என்ஜின் திறனே 99.7 சிசி. பரவலாக விற்கும் ஸ்கூட்டர்களும் 110, 125 சிசி கொண்டவை. எனவே 16 வயதுக்கான இந்தச் சலுகை பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருக்கிறது.

மின்சார ஸ்கூட்டருக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்களே?

எல்லா மின்சார ஸ்கூட்டருக்கும் அந்த விலக்கு கிடையாது. மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, எடையும் விதிகளில் கூறப்பட்ட வரம்புக்குள் இருந்தால் மட்டுமே அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதைவிட வேகமாகச் செல்லும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு உரிமம், பதிவு, காப்பீடு மூன்றும் கட்டாயம்.

சாலையில் போகாமல் காலி மைதானத்தில் மட்டும் பழகினால் எல்எல்ஆர் வேண்டுமா?

வேண்டும். பொதுமக்கள் சென்றுவர உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் பொது இடமே. அது சாலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் மைதானமும் ஆற்றோரப் பொட்டலும் இதில் அடங்கும். பிறர் நுழைய உரிமையில்லாத, வேலியிட்ட சொந்த நிலத்தின் நிலை வேறு.

எல்எல்ஆர் பெற எங்கே, எப்படி விண்ணப்பிப்பது? எவ்வளவு செலவாகும்?

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார் வழியாக அடையாளத்தை உறுதி செய்வோர் வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம். மற்றவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் செல்ல வேண்டும். மத்திய விதிகளின்படி ஒரு வாகன வகைக்கான பழகுநர் உரிமத்துக்கு ரூ.150, தேர்வுக்கு ரூ.50, சேவைக் கட்டணங்கள் தனி. 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும்.

அந்தத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

போக்குவரத்துச் சின்னங்கள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவை குறித்துக் கேட்கப்படும். 60 சதவீதக் கேள்விகளுக்குச் சரியான விடை அளித்தால் தேர்ச்சி.

எல்எல்ஆர் எத்தனை நாள் செல்லும்? ஓட்டுநர் உரிமத்துக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

வழங்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்கள் செல்லும். முதல் 30 நாட்கள் கடந்த பிறகே வாகனம் ஓட்டும் தேர்வுக்குச் செல்ல முடியும். 6 மாதங்களுக்குள் தேர்ச்சி பெறாதவர்கள் புதிதாகப் பழகுநர் உரிமம் பெற வேண்டும்.

எல்எல்ஆர் இருந்தால் தனியாக பைக் ஓட்டலாமா?

கூடாது. இதுதான் மிகப் பரவலாக மீறப்படும் விதி. உரிய ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற நிலையில் உடன் அமர்ந்திருக்க வேண்டும் என்கிறது மத்திய விதி 3. பைக்கின் பின்னிருக்கையில் இருப்பவருக்கு பிரேக் எட்டாது என்பதால், காரை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி போலவே இது தோன்றுகிறது. ஆனாலும் இருசக்கர வாகனத்துக்கு விலக்கு எதுவும் தரப்படவில்லை.

நண்பரைப் பின்னால் ஏற்றிச் செல்லலாமா?

கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. பின்னால் இருக்கும் நண்பரிடம் அந்த வகை வண்டிக்கான ஓட்டுநர் உரிமம் இருந்து, அவர் கற்றுத் தருபவராக அமர்ந்திருந்தால் தடையில்லை. அவரிடமும் எல்எல்ஆர் மட்டுமே இருந்தால் அது விதிமீறல்.

'எல்' போர்டு எந்த அளவில் இருக்க வேண்டும்? ஸ்டிக்கர் போதுமா?

வண்டியின் முன்னும் பின்னும், வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து தெரிய வேண்டும். பலகையோ அட்டையோ 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்தின் உயரம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மட்கார்டு ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒட்டப்படும் ஸ்டிக்கர் இந்த அளவுக்கு அருகில்கூட வராது.

இந்த நிபந்தனைகளை மீறினால் என்ன அபராதம்?

பழகுநருக்கான நிபந்தனைகளைப் பின்பற்றும் வரைதான், உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடாது என்ற தடையிலிருந்து எல்எல்ஆர் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. அவற்றை மீறினால் உரிமமின்றி ஓட்டியதாகவே கருத இடமுண்டு, அதற்கு ரூ.5,000 அபராதம், 3 மாதங்கள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமம் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் இதே அளவு தண்டனை உண்டு.

பழகும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா?

நிபந்தனைகளைப் பின்பற்றியிருந்தால் கிடைக்கும். வாகனக் காப்பீட்டு ஆவணத்தில் ஓட்டுநர் பற்றிய பகுதியிலேயே, பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் மத்திய விதி 3-ஐப் பூர்த்தி செய்திருந்தால் ஓட்டலாம் என்று அச்சிடப்பட்டிருக்கும். எல் போர்டு இல்லாமல், உடன் ஆளும் இல்லாமல் சென்று விபத்தில் சிக்கினால், இந்த ஒரு வரியைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புள்ளது. ரூ.5,000 அபராதத்தைவிடப் பெரிய இழப்பு இதில்தான் இருக்கிறது.

சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்குச் சிறை என்பது உண்மையா?

உண்மை. 2019-ல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவர் 25 வயது ஆகும் வரை உரிமம் பெற முடியாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதையோ, தடுக்க உரிய முயற்சி எடுத்ததையோ நிரூபிப்பவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு.

ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்துவிட்டு கியர் பைக் ஓட்டலாமா?

முடியாது. எந்த வகை வண்டிக்கு உரிமம் கேட்கிறாரோ, அதே வகை வண்டியில்தான் தேர்வு நடக்கும். கியர் பைக் உரிமம் உள்ளவர் ஸ்கூட்டரும் ஓட்டலாம். கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டும் உள்ளவர், கியர் பைக்குக்குத் தனியாக எல்எல்ஆர் பெற்று, தேர்வு கொடுத்து, அந்த வகையை உரிமத்தில் சேர்க்க வேண்டும்.

எட்டு போடுவதில்தான் பலரும் தோற்கிறார்கள். ஏன்?

எட்டு வடிவப் பாதையில் வண்டி நடை வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் தடுமாறிக் கால் ஊன்றினால் பொதுவாகத் தோல்விதான். முதல் கியரில், கிளட்சைப் பாதி மட்டும் விட்ட ஹாஃப் கிளட்ச் நிலையில், சீரான ஆக்சிலரேட்டருடன் சென்று, வேகம் கூடும்போது வலது காலால் பின் பிரேக்கை லேசாக மிதிப்பதே பயிற்றுநர்கள் சொல்லித் தரும் முறை. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். பார்வை முன்சக்கரத்தில் நின்றால் வளைவு பிசகும். அடுத்து திரும்ப வேண்டிய இடத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டும்.

தோற்றால் மறுபடி எப்போது வரலாம்?

7 நாட்களுக்குப் பிறகு மீண்டும் தேர்வுக்கு வரலாம். ஒவ்வொரு முறையும் தேர்வுக் கட்டணம் ரூ.300. மூன்று முறை தோற்றவர்கள், கடைசித் தேர்வு நாளிலிருந்து 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். அவர்கள் கூடுதல் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும் என்று 2019 திருத்தம் கூறுகிறது.

ஓட்டுநர் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் தேர்வே தேவையில்லையாமே?

2024 ஜூன் 1 முதல் தனியார் பள்ளிகளே தேர்வு நடத்தும் என்று பரவிய செய்திக்குப் பிறகு இந்தக் குழப்பம் அதிகரித்தது. விதிகளில் மாற்றம் எதுவும் இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அப்போதே தெளிவுபடுத்தியது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் படித்துத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு. தெருமுனையில் உள்ள வழக்கமான ஓட்டுநர் பள்ளியின் சான்றுக்கு அந்த மதிப்பு இல்லை.

பழகும்போதும் ஹெல்மெட் கட்டாயமா?

கட்டாயம், கற்றுத் தருபவருக்கும் சேர்த்துத்தான். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட்டை நாடாவைப் பூட்டி அணிந்திருக்க வேண்டும். அணியாதவருக்கு ரூ.1,000 அபராதம் உண்டு. உரிமத்தை 3 மாதங்களுக்கு முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

தேர்ச்சி பெற்றதும் உரிமத்தைக் கையில் தருவார்களா? எத்தனை ஆண்டுகள் செல்லும்?

தமிழகத்தில் 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமங்கள் விரைவு அஞ்சலில் மட்டுமே அனுப்பப்படுகின்றன. எனவே விண்ணப்பத்தில் முகவரியும் செல்போன் எண்ணும் சரியாக இருப்பது அவசியம். உரிமம் வழங்கக் கட்டணம் ரூ.200. 30 வயதுக்குள் பெறுபவருக்கு 40 வயது வரையிலும், 30 முதல் 50 வயதுக்குள் பெறுபவருக்கு 10 ஆண்டுகளும், 50 முதல் 55 வயதுக்குள் பெறுபவருக்கு 60 வயது வரையிலும் செல்லும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு 5 ஆண்டுகள்.