ஒற்றை அறை வீட்டில் சமையல் வாயு

மும்பை மாநகரில் உருளை வாயுவைக் கொண்டு சமைக்கும் வழக்கம் 1950-களின் நடுப்பகுதியில் தோன்றியது. அதனை அறிமுகப்படுத்திய பர்மா ஷெல் நிறுவனத்தார் செம்பூரை அடுத்த மாகுலில் 1955-ஆம் ஆண்டு தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்று பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் வசம் உள்ளது. அக்காலத்தில் வசதி படைத்தோர் இல்லங்களில் மட்டும் காணப்பட்ட உருளை, இன்று தாராவியின் குறுகிய சந்துகளிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும், விசாலமான சமையலறையை மனத்திற்கொண்டு கூறப்படும் எச்சரிக்கைகள், சமைப்பதும் உறங்குவதும் ஒரே அறையில் நிகழும் வீட்டிற்குப் போதா. விடியுமுன் இட்டலி அவித்து நகரெங்கும் விற்கும் குடும்பங்களின் அறைகளில் அடுப்பு மணிக்கணக்கில் எரிகிறது என்பதையும் கருதவேண்டும்.

தாழ்ந்து பரவும் வாயு

உருளையிலுள்ள வாயு, புரோப்பேன், பியூட்டேன் என்பவற்றின் கலவையாகும். அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்ட இது, வெளிப்பட்டதும் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே நீரைப்போல் தரையில் பரவிப் பள்ளத்தை நாடிச் செல்லும். இயற்கையில் மணமற்ற இதற்கு, கசிவை உணர்த்தும் பொருட்டு மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருள் சேர்க்கப்படுகிறது.

காற்றில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே தீப்பற்றக்கூடும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள அறையில், தரையிலிருந்து ஓரடி உயரம் வரை இந்நிலை ஏற்பட ஏறக்குறைய 120 கிராம் வாயு போதும். வீட்டு உருளையிலோ 14.2 கிலோகிராம் உள்ளது.

மழைநீர் புகாதிருக்க வாயிற்படியை உயர்த்திக் கட்டுவது தாழ்வான பகுதிகளில் வழக்கம். வெள்ளத்தைத் தடுக்கும் அதே படி, கசிந்த வாயுவையும் தொட்டிபோல் உள்ளே தேக்கிவிடுகிறது. தரையில் படுத்துறங்குவோர் அத்தேக்கத்தினுள்ளேயே இருப்பர்.

பரணில் உறங்குவோர்க்கு வரும் அபாயம் வேறு. போதிய காற்றின்றி அடுப்பு எரியுமாயின் கார்பன் மோனாக்சைடு உண்டாகி, சூடான புகையுடன் மேலெழுந்து கூரையடியில் தங்கும். மணமும் நிறமுமற்ற இந்நச்சு, இரத்தம் பிராணவாயுவை ஏற்பதைத் தடுத்து, தலைவலி, மயக்கம், முடிவில் மரணம் ஆகியவற்றை விளைவிக்கும்.

இரண்டு துவாரங்கள்

எனவே, தரைமட்டத்தில் ஒன்றும் கூரையருகில் ஒன்றுமாக, வெளிச்சுவரில் இரு துவாரங்கள் என்றும் திறந்திருத்தல் அவசியம். மேனாடுகளில் மக்கள் தங்கிப் பிரயாணம் செய்யும் வண்டிவீடுகளிலும் இம்முறையே கையாளப்படுகிறது. அவற்றின் தரையிலுள்ள துவாரம் கசிந்த வாயுவையும், கூரையிலுள்ள வழி எரிந்த வாயுவையும் போக்குகின்றன. உயர்ந்த படியுள்ள வீட்டில், வெள்ளம் வருங்கால் மட்டும் அடைத்துக்கொள்ளத்தக்க மூடியைக் கீழ்த்துவாரத்திற்கு அமைக்கலாம். வெள்ளத்திற்காக அதை அடைத்துள்ள வேளையில் அடுப்பை மூட்டலாகாது. அத்துவாரம் அண்டை வீட்டையோ சாக்கடையையோ நோக்கியிருத்தல் கூடாது.

மும்பையில் மாநகர் வாயு நிறுவனம் குழாய்வழி வழங்குவது இயற்கை வாயு. அதன் பெரும்பகுதி மீத்தேன் ஆகும். அது காற்றைவிட இலேசானதால் மேலே செல்லும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குழாய் வாயு உள்ள இல்லத்தில் கசிவுக்கும் மேல்துவாரமே முக்கியமானது.

சாதனப் பராமரிப்பு

உருளை எப்பொழுதும் நிமிர்ந்து நிற்கவேண்டும். சாய்த்தால் திரவமே வெளிப்படும். மோரி எனப்படும் நீர்ப்புழங்கும் பள்ளத்திலோ வெளியேறும் வழியிலோ அதனை வைக்கலாகாது. அடுப்பு உருளையைவிட உயரமான மேடைமீது இருத்தல் வேண்டும். இந்தியத் தரக் குறியீடு பெற்ற ரப்பர்க் குழாயை ஒட்டுப் போடாது பயன்படுத்தி, வெடிப்பு தோன்றினால் உடனேயும், எவ்வாறாயினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மாற்றவேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடுதல் கட்டாயம்.

சுடர் நீலமாயிருப்பது நன்று. அது மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படிந்தால், காற்று போதவில்லை என்றறிந்து பர்னரின் துளைகளைச் சுத்தம் செய்யவேண்டும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நுரையையே பூசவேண்டும். தீக்குச்சியை ஒருபோதும் கொளுத்தலாகாது.

வாயு நாற்றம் வந்தால் சுடர், விளக்கு யாவற்றையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியேற்றவேண்டும். மின்விசைகளைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். வெளியே வந்தபின் 1906 என்னும் அவசர எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

வகுப்பிற்கு ஒரு சோதனை

கனமான வாயுவின் போக்கை அபாயமின்றிக் காட்டலாம். ஆழமான பாத்திரத்தின் அடியில் குட்டையும் நெட்டையுமான இரு மெழுகுவத்திகளை நிறுத்தி, சமையல் சோடாவைத் தூவி, அவற்றைக் கொளுத்துக. பின்னர் வினிகரைப் பக்கவாட்டில் மெல்ல ஊற்றினால் கரியமில வாயு அடியிலிருந்து நிரம்பி, குட்டை வத்தியை முதலில் அணைக்கும். கரியமில வாயுவும் புரோப்பேனும் ஏறக்குறைய ஒரே கனமுடையவை. உருளை வாயுவும் இவ்வாறே தரையிலிருந்து நிரம்புகிறது என்பதை மாணவர் எளிதில் உணர்வர். ஆயின் அது சுடரை அணைக்காது, சுடரால் பற்றிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

களப் பணியாளர் வீடுகளைப் பார்வையிடுகையில் உருளையைச் சோதிப்பதோடு நில்லாது, இரண்டு துவாரங்களும் உள்ளனவா, பழந்துணியாலோ பெட்டியாலோ அடைபட்டுள்ளனவா என்றும் பார்த்தறிதல் வேண்டும். மழைக்காலத்தில் கதவுகள் சாத்தப்படுவதற்கு முன்னர் இதனைச் செய்து முடிப்பது நலம்.