வீதியைக் கடக்கும் கணம்

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு வரும் முதியவர், ஒரே நாளில் கடலையும் கடக்கிறார், வைத்தியசாலை வீதியையும் கடக்கிறார். கடல் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். வீதியோ சில விநாடி நடை. எனினும், கடலுக்கு அஞ்சாதவர் வீதியோரத்தில் தயங்கி நிற்பதைக் காணலாம். இஃது ஏன்?

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுவோரைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். சோளகம் வீசும் நாட்களில் படகு அலையோடு ஏறியும் இறங்கியும் ஆடும். கையிற் குழந்தையோடு நிற்கும் தீவுப் பெண், படகு துறை மட்டத்துக்கு உயரும் கணம்வரை பொறுத்திருந்து காலெடுத்து வைப்பாள். அலைக்கு ஒரு சீர் உண்டு. இரண்டு மூன்றைப் பார்த்த கண் அடுத்ததன் வரவை அறிந்துகொள்ளும். வீதியில் அச்சீர் இல்லை. துவிச்சக்கர வண்டியும் முச்சக்கர வண்டியும் பஸ்ஸும் தத்தம் வேகத்தில் வருகின்றன.

வீதியைக் கடப்பவர் உண்மையில் தேடுவது வண்டிகளுக்கிடையேயுள்ள இடைவெளியை. அந்த இடைவெளியைக் காலத்தால் அளக்கவேண்டியிருக்க, மனிதக் கண் பெரும்பாலும் தூரத்தாலேயே அளக்கின்றது. 7 மீற்றர் அகல வீதியை இளைஞர் ஒருவர் 6 விநாடியளவிற் கடப்பார். தளர்ந்த நடையினருக்கு 8 விநாடி வேண்டும். 80 மீற்றருக்கு அப்பால் வரும் வண்டி மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் 9 விநாடிக்கு மேற் செல்லும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் 6 விநாடிகூட இல்லை. கண்ணுக்கோ இரண்டும் ஒரே தூரத்தில்தான் தெரிகின்றன. நேரே எதிர்வரும் பொருளின் உருவம் தொலைவில் மிக மெதுவாகவே பெருக்கும். அண்மித்த பின்னரே திடீரெனப் பெரிதாகும். வேகத்தை உணரும்போது கால் நடுவீதியில் இருக்கும்.

பக்கத்தில் நிற்பவர் அடியெடுத்து வைத்தால், வண்டியைப் பாராமலே அவரைத் தொடர்வதும் மனித இயல்பு. அவர் இளைஞர் என்பதும், அவருடைய இடைவெளி தமக்குப் போதாது என்பதும் முதியவருக்கு அக்கணம் தோன்றுவதில்லை. நீண்ட நேரம் காத்து நின்றவரோ, முன்னர் வேண்டாமென விட்டதிலும் குறுகிய இடைவெளியைப் பின்னர் ஏற்றுக்கொள்கிறார்.

ஆகையால் காலையில் வரும்போதிலும் மாலையில் திரும்பும்போதே ஆபத்து அதிகம் எனலாம். மருந்துப் பொதி கையில். பஸ் நிலையம் கண்ணுக்கெட்டிய தூரத்தில். அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டால் குறிகட்டுவானிற் கடைசிப் படகும் தவறிவிடும். பாதசாரிக் கடவை சற்றே தள்ளியிருந்தாலும் அவ்வேளை அது வெகுதூரமாகத் தோன்றும். கடவைக் கோடுகளைத் தீட்டுவதோடு, தீவுப்பகுதிப் பஸ்ஸும் படகும் ஒன்றையொன்று காத்து நிற்குமாறு நேரம் வகுப்பதும் வீதிப் பாதுகாப்பின் பாற்பட்டதே.