உஷார்! மீன்தொட்டிக்கு ஸ்டாண்டு அடிக்கப் போகிறீர்களா?

கொளத்தூரில் பேரம் பேசி நாலடித் தொட்டியைக் குட்டியானையில் ஏற்றி ராயப்பேட்டைக்குக் கொண்டுவந்தாயிற்று. கடைக்காரர் காட்டிய இரும்பு ஸ்டாண்டு பிடிக்கவில்லை. ‘நம்ம கார்பெண்டர்கிட்ட தேக்கு கலர்ல அடிச்சுக்கலாம்’ என்று வந்துவிட்டீர்கள். அவருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆக, தண்ணீர் மட்டுமே சுமார் 250 கிலோ. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். நாலைந்து ஆள்கள் ராப்பகலாக உங்கள் டி.வி. ஸ்டாண்டின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம் இது!

கப்போர்டு அடித்துப் பழகிய கை என்ன செய்யும்? இரண்டு பக்கப் பலகைக்கு நடுவே மேல்பலகையைச் செருகி, பக்கத்திலிருந்து ஸ்குரூ முடுக்கும். புடவை அடுக்க அது போதும். தொட்டி ஏறினால் மொத்த பாரமும் அந்த ஸ்குரூக்களில்தான் தொங்கும். மேல்சட்டம் கால்களின் தலைமீது நேராக உட்கார வேண்டும், ஸ்குரூ அதை நகராமல் பிடித்தால் போதும். பின்பக்கம் முழுப் பலகையோ குறுக்குச் சட்டமோ இல்லாவிட்டால் ஸ்டாண்டு பக்கவாட்டில் சாயும். இதைக் கூடவே நின்று பாருங்கள், ‘எல்லாம் தாங்கும் சார்’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள்.

பிளைவுட்டில்தான் பெரிய மோசடி. ‘வாட்டர் புரூஃப்’ என்று தலையில் கட்டுவார்கள். பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். 303, எம்.ஆர். என்றிருந்தால் அது ஈரக்காற்றை மட்டும் தாங்கும் ரகம். ஐ.எஸ். 710 தான் மரைன். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் வேண்டவே வேண்டாம். வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது சிந்துகிற சொட்டுக்கே ஊறி உப்பிவிடும்.

தரை மட்டமும் முக்கியம். தொட்டி சாய்ந்து நின்றால் சிலிக்கோன் ஒட்டு ஒரு பக்கமாக இழுபடும். விட்டுப்போனால் முன்னறிவிப்பு கிடையாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை பெர்லின் ஓட்டல் ஒன்றில் 10 லட்சம் லிட்டர் கொண்ட ‘அக்வாடோம்’ தொட்டி உடைந்து தெருவரை வெள்ளம் ஓடியது. நம்முடையது 250 லிட்டர்தான், ஆனால் ஒரு ஹாலை நாசமாக்க அது போதும். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அடியில் தெர்மோகோல் விரித்த பிறகே தொட்டியை ஏற்றுங்கள்.

அடுத்தது விஷம். மரத்துக்குக் கரையான் மருந்து அடிக்காமல் நம் ஊரில் யாரும் விடுவதில்லை. அதில் இருக்கும் குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்றவை மீனுக்கு எமன். தொட்டிக்கு மேலே கவிழும் மூடியில் இதைத் தடவவே கூடாது. அங்கே ஆவி படிந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரிலேயே விழும். பாலிஷ் வேலை நடக்கும் அறையில் ஏர் பம்ப்பும் ஓடக் கூடாது. தின்னர் வாடையைக் காற்றோடு உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதிவிடும். கொசு லிக்விட் வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மூடியின் பின்பக்கத்தைத் திறந்தே விடச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில், விளக்குச் சூடும் சேர்ந்தால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

கரன்ட்? இதைக் கேட்டால் பகீரென்னும். ஏர் பம்ப்பை ஸ்டாண்டுக்குள், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மறைத்து வைப்பது வழக்கம். கரன்ட் போனால் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி இறங்கி, பம்ப்புக்குள் புகுந்து, பக்கத்திலிருக்கும் பிளக் பாயின்ட்டில் ஒழுகும். கரன்ட் திரும்ப வரும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டியூப்பில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள், சின்ன விலைதான். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கார்பெண்டர் அப்புறம் வரட்டும்.

ராயப்பேட்டைச் சந்துகளில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மாடித் தரை. கான்கிரீட் வீடுகளுக்கே தரைப் பாரக் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோதான். இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அது 500 கிலோவைத் தாண்டுகிறது. நல்ல கான்கிரீட் தரையில் சுவரை ஒட்டி, பீம் மேல் வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கும். கரையான் அரித்த உத்தரம் சமாளிக்காது. அப்படிப்பட்ட மாடியில் குடியிருப்பவர்கள் நாலடியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, 60 லிட்டர்கூடப் பிடிக்காத இரண்டடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.