முற்றுப்பெறாத விளையாட்டும் உரிமையின் எல்லையும்

2016ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆம் திகதி, ஏறத்தாழ எட்டு ஆண்டுகளாக ஊதியம் எதுவுமின்றி ஒரு வீடியோ விளையாட்டை உருவாக்கி வந்த இரசிகர் ஒருவருக்குச் சட்டத்தரணிகளின் கடிதமொன்று கிடைத்தது. நான்கு தினங்கள் கழித்து, நத்தார் தினத்தன்று, அவ்விளையாட்டு இலவசமாக வெளியிடப்படவிருந்தது. கடிதம் நின்டெண்டோ நிறுவனத்தின் சார்பில் அனுப்பப்பட்டிருந்தது. விளையாட்டை வெளியிடக் கூடாது, வேலையை உடன் நிறுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அவர் மறுவார்த்தை பேசாது பணிந்தார். 'பொக்கிமொன் பிரிசம்' என்னும் அவ்விளையாட்டு, உருவாக்கியவரின் கையால் முற்றுப்பெறாமலே நின்று போயிற்று.

சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் ஒன்றைப் பற்றிய இச்செய்தியில் பெரியவர்கள் அக்கறை கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பிறர் படைத்த கதையுலகின் மீது அதனை நேசிப்போருக்கு ஏதேனும் உரிமை உண்டா, இலவசமாகக் கொடுப்பதும் குற்றமாகுமா, பயன் கருதாத உழைப்பைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது ஆகிய வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. கணனியும் இணையமும் கைக்கு எட்டியுள்ள இக்காலத்தில் இவை எந்த இளைஞரையும் எதிர்நோக்கக் கூடியவையாகும்.

பொக்கிமொன் என்பது 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி ஜப்பானில், நின்டெண்டோவின் 'கேம் போய்' என்ற கைக்கடக்கமான கருவிக்காக வெளியான விளையாட்டாகும். அதனைக் கருக்கொண்டவர் சட்டோஷி தஜிரி. சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேகரிப்பதில் தமக்கிருந்த பெருவிருப்பமே இவ்விளையாட்டுக்கு வித்தாக அமைந்தது என்று அவர் கூறியுள்ளார். விளையாடுபவர் காடு மேடெல்லாம் அலைந்து விசித்திர உயிரினங்களைப் பிடித்துப் பழக்கி, பிறருடைய உயிரினங்களுடன் போட்டியிடச் செய்வதே விளையாட்டின் அடிப்படை. முதலில் 151 ஆக இருந்த உயிரினங்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. கார்ட்டூன் தொடர், திரைப்படம், சேகரிப்பு அட்டை, பொம்மை என விரிந்து, உலகில் மிக அதிக வருமானம் ஈட்டிய பொழுதுபோக்குப் படைப்புகளின் வரிசையில் அது முன்னணியில் வைத்து எண்ணப்படுகிறது. அதன் உரிமை நின்டெண்டோ, கேம் ஃப்ரீக், கிரியேச்சர்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் உரியது.

ஒரு பழைய விளையாட்டின் மீது எழுந்த புதிய கட்டடம்

பிரிசம் வெறுமையில் எழுந்ததன்று. 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வெளியான 'பொக்கிமொன் கிறிஸ்டல்' என்ற மூல விளையாட்டின் நிரலை மாற்றியமைத்தே அது உருவாக்கப்பட்டது. இதனை இத்துறையினர் 'ரொம் ஹக்' என்பர். விளையாட்டுப் பேழையினுள் உள்ள நினைவகத்தின் உள்ளடக்கத்தைக் கணனியில் பிரதி செய்து, அதன் எண்களுக்குள் புகுந்து, வரைபடம், உரையாடல், இசை, போட்டி விதி ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றுவதே இக்கலையாகும்.

இது எளிய வேலையன்று. கிறிஸ்டல் விளையாட்டு முழுவதும் 2 மெகாபைட் அளவினுள் அடங்கியது. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு புகைப்படமே அதனிலும் அதிக இடத்தைப் பிடிக்கும். அவ்வளவு சிறிய இடத்தினுள், 'அசெம்பிளி' எனப்படும் இயந்திரத்திற்கு மிக நெருங்கிய மொழியில், ஒவ்வொரு பைட்டையும் கணக்கிட்டு எழுத வேண்டும். கைபிசகி ஓர் எண் மாறினாலும் விளையாட்டு உறைந்து நின்றுவிடும்.

இந்த நெருக்கடிக்குள்தான் 'நல்ஜோ' என்ற புதிய நிலப்பரப்பும், புதிய கதையும், மூலத்தில் இல்லாத வாயு, ஒலி என்னும் இருவகை உயிரினங்களும் அமைக்கப்பட்டன. சுரங்கம் தோண்டுதல் போன்ற தொழில்களும் சேர்க்கப்பட்டன. விளையாடுபவர் மனிதராக அன்றி அவ்வுயிரினமாகவே மாறி நடந்து செல்லும் கட்டங்களும் அதில் உண்டு. இவரே முன்னர் 'பொக்கிமொன் பிரவுண்' என்ற மாற்றத்தையும் செய்திருந்தார். 2004ஆம் ஆண்டளவில் அது வெளிவந்தபோது எவரும் தடுக்கவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக அவர் கருதியிருப்பின் அது வியப்புக்குரியதன்று. சட்டத்தின் பார்வையிலோ மௌனம் மாத்திரம் அனுமதிப்பத்திரமாகிவிடாது.

சட்டம் கூறுவது யாது?

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பை அப்படியே பிரதி செய்வதைத் தடுக்கும் உரிமை மட்டுமே எனப் பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. படைப்பைத் தழுவி இன்னொன்றை ஆக்கும் உரிமையும் மூலப் படைப்பாளிக்கே உரியது. நாவலைத் திரைப்படமாக்குவதற்கு நாவலாசிரியரின் அனுமதி வேண்டியிருப்பது இதனாலேயே. 1886ஆம் ஆண்டு உருவான பேர்ண் சமவாயத்தின் வழிவந்த நாடுகள் அனைத்திலும் இக்கோட்பாடு பொதுவானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் தழுவலாக்கும் உரிமையைப் படைப்பின் உரிமையாளருக்கே அளிக்கின்றது.

இங்கு இரண்டு வாதங்கள் இரசிகர்களால் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, 'நாங்கள் பணம் வாங்கவில்லை' என்பது. நோக்கம் இலாபமா என்பது நீதிமன்றம் கவனிக்கும் விடயங்களுள் ஒன்றே அன்றி, அதுவே முடிவைத் தீர்மானிப்பதில்லை. விற்கப்படும் விளையாட்டுக்கு அருகில் அதே பெயரில் இலவச விளையாட்டொன்று வைக்கப்படுமாயின் சந்தை பாதிக்கப்படும் என உரிமையாளர் வாதிட இடமுண்டு.

இரண்டாவது வாதம் சற்று நுட்பமானது. பிரிசம் போன்றவை முழு விளையாட்டாக வழங்கப்படுவதில்லை. மூலத்துக்கும் மாற்றப்பட்டதற்கும் இடையிலான வேறுபாடுகளை மாத்திரம் கொண்ட 'பட்ச்' எனப்படும் ஒட்டுக்கோப்பாகவே அவை வழங்கப்படுகின்றன. மூல விளையாட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் அதன்மீது இதனைப் பொருத்திக் கொள்ள வேண்டும். நிறுவனத்தின் நிரலை நாங்கள் விநியோகிக்கவில்லையே என்பது இதன் நியாயம். ஆயினும் பாத்திரங்களும் பெயர்களும் உருவங்களும் நிறுவனத்துக்கு உரியவையாகவே இருக்கும். இவ்வாதத்தை ஒரு பெருநிறுவனத்துக்கு எதிராக நீதிமன்றில் நின்று சோதித்துப் பார்க்கும் பணபலம் தனியொரு இரசிகருக்கு இல்லை என்பதே நடைமுறை உண்மையாகும்.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு தவறான விளக்கம் உலவுகிறது. உரிமையைக் காக்காவிடின் இழந்துவிடுவோம், எனவே தடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதே அது. வணிகக் குறியைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மையுண்டு. ஒரு பெயரை எவரும் எதற்கும் பயன்படுத்த விட்டுவிட்டால், அது குறிப்பிட்ட நிறுவனத்தைச் சுட்டும் ஆற்றலைக் காலப்போக்கில் இழக்கலாம். பதிப்புரிமை அவ்வாறு இழக்கப்படுவதன்று. ஓர் இரசிகரின் ஆக்கத்தைக் கண்டும் காணாதிருந்தமைக்காக எந்த நிறுவனமும் தன் கதையின் பதிப்புரிமையைப் பறிகொடுப்பதில்லை. ஆகவே தடுப்பது ஒரு தெரிவே அன்றித் தவிர்க்க இயலாத கடமையன்று.

பிரிசம் தனித்து நிற்பதன்று

2016ஆம் ஆண்டு இத்துறையில் கசப்பான ஆண்டாகவே அமைந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஒன்பது ஆண்டுகால உழைப்பின் பின் 'பொக்கிமொன் யுரேனியம்' வெளியானது. சில தினங்களுள் அதன் பதிவிறக்கங்கள் 15 இலட்சத்தைக் கடந்ததாக அதனை ஆக்கியோர் தெரிவித்தனர். உடனேயே சட்ட அறிவித்தல்கள் வந்தன, பதிவிறக்கம் நிறுத்தப்பட்டது. நின்டெண்டோவின் 'மெட்ரொயிட்' தொடரின் பழைய விளையாட்டொன்றை மீளுருவாக்கிய மற்றோர் இரசிகரின் ஆக்கமும் அதே மாதத்தில் அகற்றப்பட்டது. இவ்விரண்டும் அவ்வாண்டின் உலக விளையாட்டு விருது விழாவொன்றில் இரசிகர் ஆக்கங்களுக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்டுப் பின்னர் சத்தமின்றி நீக்கப்பட்டன. 2018இல் இத்தகைய விளையாட்டுகளை ஆக்க உதவிய ஒரு கருவித் தொகுப்பே அகற்றப்பட்டது. 2021 ஜனவரியில் ஒரே இணையத்தளத்திலிருந்து 379 இரசிகர் விளையாட்டுகள் நீக்கப்பட்டன.

ஆயினும் எத்தனையோ ஆக்கங்கள் தொடாமல் விடப்பட்டுள்ளன. பொக்கிமொன் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு முன்னர் தலைமை தாங்கிய ஒருவர் 2024இல் அளித்த செவ்வியொன்றில் இதற்கான காரணம் புலப்படுகிறது. இரசிகர் ஆக்கங்களைத் தேடி அலைவது தம் வேலையாக இருக்கவில்லை எனவும், அவை செய்திகளில் அடிபடும்போதோ பணம் திரட்டத் தொடங்கும்போதோதான் கண்ணில் படுகின்றன எனவும் அவர் விளக்கினார். இதன் பொருள் யாதெனில், தரம் குறைந்து எவரும் அறியாது கிடப்பது தப்பிக்கும். சிறப்பாக அமைந்து பலரது பாராட்டைப் பெறுவதே தண்டனைக்குள்ளாகும். பிரிசத்தின் முன்னோட்டக் காட்சி பெரும் வரவேற்பைப் பெற்றமையே அதற்கு வினையாக முடிந்தது எனலாம்.

இவ்விடத்தில் வரலாற்றின் ஒரு முரண்நகையையும் நோக்க வேண்டும். பொக்கிமொன்னை ஆக்கிய கேம் ஃப்ரீக் ஒரு நிறுவனமாகத் தோன்றியதன்று. 1983ஆம் ஆண்டில் இளைஞராக இருந்த தஜிரி, விளையாட்டுக் கூடங்களின் நுணுக்கங்களைக் கையால் எழுதிப் பிரதியெடுத்துத் தாள்களைப் பிணைத்து வெளியிட்ட இரசிகர் சஞ்சிகையின் பெயரே அது. ஓவியர் கென் சுகிமோரி அச்சஞ்சிகையைக் கண்டே அவருடன் இணைந்தார். நின்டெண்டோவின் கருவியைப் பிரித்துப் பார்த்து, அது இயங்கும் முறையைத் தாமே கற்று, பின்னரே அவர்கள் விளையாட்டு ஆக்கத் துணிந்தனர். எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் நேர்மையாகாது. 1989இல் அவர்கள் வெளிக்கொணர்ந்த முதல் விளையாட்டு முற்றிலும் சொந்தக் கற்பனை. பிறர் பாத்திரங்களைக் கொண்டதன்று.

வேறு வழிகள் உண்டு

தடை ஒன்றே வழியன்று என்பதைப் பிற நிறுவனங்கள் காட்டியுள்ளன. 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டின்மீது இரசிகர்கள் 1999இல் அமைத்த மாற்றமே 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. மூல நிறுவனமான வால்வ் அதனைத் தடுக்காது விலைக்கு வாங்கி, ஆக்கியோரையும் பணிக்கமர்த்தியது. அதே ஹாஃப் லைஃப்பை இரசிகர்கள் மீளுருவாக்கிய 'பிளாக் மேசா', நிறுவனத்தின் அனுமதியுடன் விற்பனைக்கே வந்து 2020இல் நிறைவடைந்தது. சேகா நிறுவனம் தன் 'சொனிக்' பாத்திரத்தை வைத்து இரசிகர் ஆக்கங்கள் செய்து வந்தவர்களையே அழைத்து 2017இல் 'சொனிக் மேனியா'வை ஆக்கச் செய்து பெரும் பாராட்டைப் பெற்றது. ஜப்பானிலேயே 'தோஹோ' விளையாட்டுத் தொடரின் ஆசிரியர், இரசிகர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என முன்கூட்டியே வரையறுத்து அறிவித்துள்ளார். அதனைச் சுற்றி இசையும் சித்திரக்கதையும் விளையாட்டுகளுமாக ஒரு பெருந்தோட்டமே தழைத்துள்ளது.

பழைய கதையைப் புதிதாகச் சொல்லுதல் எமது மரபுக்கு அந்நியமானதன்று. வான்மீகியின் கதையைக் கம்பர் தம் வழியில் பாடியபோது அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்காலத்தில் கதை ஊருக்குப் பொதுவாக இருந்தது. இன்று கதை ஒரு நிறுவனத்தின் முதலீடாகவும், அதில் தொழில் புரியும் பல்லாயிரம் பேரின் ஊதியமாகவும் உள்ளது. எனவே உரிமையைக் காக்கும் சட்டத்தை முற்றாகப் பழிப்பது பொருந்தாது. ஆயின் எட்டு ஆண்டுகள் வாளாவிருந்து, நான்கு நாள் எஞ்சியிருக்கையில் கடிதம் அனுப்புவது சட்டப்படி சரியாயினும் முறைப்படி சரியாகுமா என்பதே எமது வினா. எல்லை எது என முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால் ஒரு மனிதரின் எட்டு ஆண்டுகள் வேறு வழியில் சென்றிருக்கும்.

தடையினால் நிறுவனம் அடைந்த பயன்தானும் யாது? கடிதம் வந்த சில தினங்களிலேயே, பெயர் வெளியிடாத சிலர் முற்றுப்பெறாத பிரிசத்தை இணையத்தில் கசியவிட்டனர். பின்னர் அடையாளம் மறைத்த வேறொரு குழுவினர் அதன் பிழைகளைத் திருத்தித் தொடர்ந்து மெருகூட்டி வந்துள்ளனர். விளையாட்டு இன்றும் விளையாடப்படுகிறது. முதலில் அதனை ஆக்கியவருக்கு மாத்திரமே அதில் கைவைக்க இயலாது.

இத்துறையில் ஈடுபடும் இளைஞர்கள் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. பிறர் பாத்திரங்களைக் கொண்டு பயில்வது நல்ல பயிற்சி; அதில் பெறும் நிரலாக்க அறிவை எவரும் கடிதம் அனுப்பிப் பறிக்க முடியாது. ஆனால் பல ஆண்டுகளை ஈடுவைக்க முனையும்போது, பெயரும் உருவமும் கதையும் தமக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் கவனமாயிருத்தல் வேண்டும். நிறுவனங்களும், தம் படைப்பை இவ்வளவு ஆழமாக நேசிக்கும் கரங்களைச் சட்டத்தரணிகளிடம் ஒப்படைக்குமுன், ஒரு தெளிவான விதிமுறையையாவது வெளியிட முன்வர வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வழக்குக்கு ஆகும் செலவிலும் மிகக் குறைவானதே.