கடற்கரைச் சுற்றுலா: கண்டிக்குத் திரும்பும் முன் முடிக்கவேண்டிய காரியங்கள்

பாடசாலை விடுமுறை வந்தால் கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே வேனில் ஏறி நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ உனவட்டுனைக்கோ புறப்படுகின்றன. சோற்றுப் பொதிக்கும் பாய் தலையணைக்கும் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட யாரும் காகிதங்களுக்குக் காட்டுவதில்லை. அசம்பாவிதம் நடந்தாலும் “எல்லாம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று திரும்பிவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் அலைகிறார்கள். சம்பவம் நடந்த ஊரின் அலுவலகத்தில் முடிக்கவேண்டியதைக் கண்டியில் முடிக்க முடியாது.

முதலில் வாகனம். வாடகை பேசும்போதே வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றையும் கேட்டுப் படமெடுத்து வைக்க வேண்டும். காப்புறுதி ‘ஹயர்’ ஓட்டத்துக்கும் செல்லுமா என்று பார்ப்பது முக்கியம். சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்த காப்புறுதி, விபத்துக்குப் பின் வழக்காக இழுபடும். இரவு முழுக்க ஓடி விடியற்காலையில் கடலில் இறங்கும் திட்டத்தையும் கைவிட வேண்டும். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவிலும், அதே ஆண்டு செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியிலும் பேருந்துகள் பள்ளத்தில் விழுந்து பலர் மாண்டார்கள். மலைப்பாதையில் இருட்டில் ஓடுவதன் ஆபத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்கு, தெற்குக் கரைகள் கொந்தளிக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கரையின் முறை. ஓகஸ்ட் விடுமுறைக்கு உனவட்டுனையையும் டிசம்பர் விடுமுறைக்கு நிலாவெளியையும் தெரிவுசெய்வது தலைகீழான வேலை.

மகாவலியில் நீந்திப் பழகியவர் கடலையும் அப்படியே எண்ணுகிறார். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பெரும்பாலும் நீர் ஆழ்கடலை நோக்கி இழுக்கும். அந்த இழுவையில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. மது அருந்தியவர் முழங்கால் நீரிலும் இறங்கக் கூடாது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவுக்குப் படகேறும்போது குழந்தைக்கு அளவான உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் அந்தப் பயணம் வேண்டாம். நிலம் அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

முதியவர்களின் கிளினிக் கொப்பியும் மருந்துகளும் வேனின் அடியில் கிடக்கும் பயணப்பையில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை இலவசம். காயப்பட்டவர் வைத்தியசாலையை விட்டு வரும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்காமல் வரக்கூடாது.

மரணம் நேர்ந்தால் உடலை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவது பெரும் பிழை. அந்தப் பகுதிப் பொலிஸில் முறைப்பாடு பதிய வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரித்து, தேவையென்றால் பிரேத பரிசோதனைக்குப் பணிப்பார். அடையாளம் காட்டும் உறவினர் தம்முடைய அடையாள அட்டையையும் இறந்தவருடைய அட்டையையும் வைத்திருக்க வேண்டும். மரணம் பதியப்படுவது அது நிகழ்ந்த பிரிவின் பதிவாளரிடம், கண்டியில் அல்ல. சான்றிதழில் பெயரும் முதலெழுத்தும் அடையாள அட்டையோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காக ஊழியர் சேமலாப நிதியும் வங்கிப் பணமும் முடங்கும். திருத்தம் கேட்டு மறுபடி அதே ஊருக்கு நடக்க நேரும்.

தெற்கில் பொலிஸ் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகிறது. புரியாமல் அதில் கையெழுத்து வைப்பவர்கள் ஏராளம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். அவர் விளக்கம் சொல்லவோ கூடுதலாகச் சேர்க்கவோ இடம் கொடுக்க வேண்டும். நாடெங்கும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பு தந்திருக்கிறது. “தமிழ் தெரிந்தவர் இல்லை” என்பது பொலிஸின் குறை, முறைப்பாட்டாளர் சுமக்கவேண்டியதல்ல. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், 1956 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். புரியாத தாளில் மட்டும் கையெழுத்து வைக்கக் கூடாது.

பணத் தகராறுக்கும் ஆதாரம் வேண்டும். விடுதிக்குக் கொடுக்கும் முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பேசியதற்கு மாறான அறை தந்தாலோ முற்பணம் பெற்றதை மறுத்தாலோ, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் சொன்னது போதும் என்று இருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். சமரசத்துக்கு, தகராறு எழுந்த பகுதியின் மத்தியஸ்த சபையையும் நாடலாம். எங்கே போனாலும் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாமல் பிரதியைக் கொடுத்து, கிடைத்ததற்கான ஒப்பத்தைத் தம்மிடமுள்ள பிரதியில் வாங்க வேண்டும். திகதி முத்திரையோடு கூடிய அந்த ஒப்பம் இல்லாமல், “உங்கள் கடிதம் வரவில்லை” என்று சொல்லும் அதிகாரிக்குப் பதில் சொல்ல முடியாது.