உண்ணாத இரவில் ஏறும் சர்க்கரை

"இரவு இரண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் சோதித்தால் 8.5 காட்டுகிறது. இந்தச் சீனி எங்கிருந்து வந்தது?" இனிப்பு நீர் உள்ளவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நேயர்களே, நியாயமான கேள்விதான். விடை காண, உடலுக்குள் நடக்கும் வரவு செலவைச் சற்றுப் பார்ப்போம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் இருக்கும்போது, அவ்வளவு இரத்தத்திலும் உள்ள சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவுதான். நாம் உண்ணும் ஒரு தட்டுச் சோற்றிலோ அதைப்போல் பத்து மடங்கு சர்க்கரையாக மாறும் மாவுச்சத்து உண்டு. ஆயினும் நலமுள்ளவர் உடலில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் கணக்குச் சரியாகிவிடுகிறது. சரிசெய்வது, கணையம் சுரக்கும் இன்சுலின்.

இன்சுலினுக்கு வேலை இரண்டு. தசைகளும் கொழுப்புத் திசுக்களும் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளச் செய்வது ஒன்று. இது பலரும் அறிந்ததே. கல்லீரலைப் பார்த்து, "போதும், நிறுத்து" என்று சொல்வது மற்றொன்று. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

கல்லீரல் ஒரு கிடங்கு. உண்டபின் வரும் சர்க்கரையில் ஒரு பகுதியை அது கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. இரவில் நாம் உறங்கினாலும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அப்போது கணையத்தின் மற்றொரு சுரப்பான குளுக்ககான் கட்டளையிட, கிடங்கு திறக்கிறது. இருப்புக் குறையக் குறைய, கல்லீரல் தானே புதிதாகவும் சர்க்கரை செய்து தருகிறது.

சிலருக்கு, பெரும்பாலும் இளவயதில், இன்சுலின் சுரப்பே அற்றுப்போகிறது. அவர்களுக்கு ஊசி இன்றியமையாதது. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. இதில் இன்சுலின் இருந்தும் அதன் சொல் எடுபடுவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. கல்லீரலோ இரவெல்லாம் வேண்டியதற்கு மேல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசோல் போன்ற சுரப்புகளும் உயர்வதால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. அந்த 8.5 இப்படி வந்ததுதான்.

"இனிப்பு நீர்" என்ற பெயரே நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது எனலாம். வெறும் வயிற்றில் 7 மில்லிமோல், அதற்கு மேல் இருந்தால், அது நோய். ஆனால் இரத்தத்தில் ஏறத்தாழ 10ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். தாகமும், அடிக்கடி நீர் பிரிவதும் அதன்பின் வருபவை. அதுவரை உடம்பு ஒன்றும் சொல்லாது. அதற்குள் கண், சிறுநீரகம், கால் நரம்புகளில் கேடு தொடங்கியிருக்கலாம். மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதை அறியாமலே இருந்தனர்.

"இரவு சாப்பிடவில்லையே, மாத்திரை எதற்கு?" என்று தள்ளிவைப்போரும் உண்டு. மெட்ஃபோர்மின் மாத்திரையின் முக்கிய வேலை, கல்லீரல் சர்க்கரை செய்வதைக் குறைப்பதுதான். நாம் உண்ணாவிட்டாலும் கல்லீரல் ஓய்வதில்லை அல்லவா? ஆனால் வேறு சில மாத்திரைகளையும் இன்சுலின் ஊசியையும் எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், சர்க்கரை 4க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். ஆகவே நம் கையிலுள்ளது எந்த வகை, உண்ணாத வேளையில் அதை என்ன செய்வது என்பதை, அடுத்த முறை கிளினிக்கில் மருந்து வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.